அத்தை தைத்த ரிப்பன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம் மாட்டியிருக்கும். உள்ளே ஒரு வெண்கலச் சிலுவை. நான்கு கைகள், அவற்றுக்கு இடையில் குறுக்காக இரண்டு வாள்கள், நடுவில் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் தலை. மேலே பச்சை நிறத்தில் சிவப்புக் கோடு ஓடும் ரிப்பன். அதைப் பதக்கம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, மெதாய் என்றுதான் சொல்வோம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டை இன்னும் சொல்தா வீடு என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள், அவர் 1989-லேயே போய்விட்டாலும்.

அந்த மெதாய் ஜெர்மன்காரனோடு சண்டை போட்டு வாங்கியது என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன், கல்லூரியில் சொன்னேன், கல்யாணம் ஆன வீட்டிலும் சொன்னேன். தாத்தா பிறந்தது 1927. முதல் உலகப் போரில் அவர் பிறக்கவே இல்லை, இரண்டாவது முடிந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. இந்தக் கணக்கை இத்தனை வருஷம் ஒருவர்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டில் சொல்லும் கதையை யார்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்?

2017 ஜூலை 14. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அன்று பிரான்சின் தேசிய தினம், புதுச்சேரியில் அது இன்றும் ஊர் அறிந்த நாள். முந்தின நாள் சாயங்காலம் விளக்கு பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். காலையில் கடற்கரைச் சாலையில் இருக்கிற பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள், இரண்டு நாட்டு தேசிய கீதமும் இசைப்பார்கள், வயதான சொல்தாக்கள் கோட்டும் மெதாய்களுமாக வந்து நிற்பார்கள். அந்தச் சின்னம் 1938-ல் திறக்கப்பட்டது, பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் 1914–1918 போரில் இறந்தவர்களுக்காக. அந்த வருஷம் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, சட்டத்தைப் பிரித்து மெதாயை எடுத்து வெள்ளைச் சட்டையில் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கிய வயது இருக்கும், நெஞ்சில் மூன்று மெதாய். பக்கத்தில் வந்து, "தம்பி, இது யாரோடது?" என்று கேட்டார்.

"எங்க அப்பாவோடதுங்க ஐயா."

"எந்தச் சண்டையில?"

"ஜெர்மன் சண்டைங்க."

அவர் கேட்டுவிட்டு விரலால் மெதாயை மெல்லத் திருப்பினார். பின்பக்கம் எழுதியிருந்ததை வாய்க்குள் வாசித்தார். "இது ஜெர்மன் சண்டை இல்ல தம்பி. வெளிநாட்டுப் போர்முனைன்னு போட்டிருக்கு. உங்க அப்பா வயசுக்கு இந்தோஷின், அதான் வியட்நாம் பக்கத்துச் சண்டையாத்தான் இருக்கும். ரிப்பன்தான் மாறிப் போயிருக்கு." அப்புறம் இன்னும் தணிந்த குரலில், "பிள்ளைங்க இதைக் குத்திக்கக் கூடாதுப்பா. கையில வெச்சுக்க, போதும்" என்றார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கழற்றினார். விழா முடியும் வரை அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு நின்றார். பெரியவர் சொன்னது சரிதான். தனக்குக் கொடுக்கப்படாத விருதை வெளியில் அணிவது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம், வாரிசாக இருந்தாலும்.

அப்பா தமிழ் வழியில் படித்தவர். பின்பக்கத்து எழுத்து அவருக்கு வெறும் பிரெஞ்சு எழுத்து. எனக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும், ஆனால் சட்டத்துக்குள் இருந்ததால் பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன், பல ராத்திரிகள் போயின. இதன் பெயர் க்ருவா த கேர், போர்ச் சிலுவை. பிறந்தது 1915 ஏப்ரல் 8-ஆம் தேதிச் சட்டத்தில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே. அதற்கு முன்பு ஒரு சிப்பாய் துணிச்சலாக ஏதாவது செய்தால் படைத் தலைமையின் உத்தரவில் அவன் பெயரைக் குறிப்பிட்டு, செய்ததை நாலு வரியில் எழுதுவார்கள். அதற்கு சித்தாசியோன் என்று பெயர். காகிதத்தில் பெருமை இருக்கும், ஆனால் அவன் நெஞ்சைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பதுங்குகுழியில் சேற்றில் கிடக்கிறவனுக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான மொரீஸ் பாரெஸ் போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள், பேசினார்கள். பர்த்தொலொமே என்ற சிற்பி வடிவமைத்தார். பாரிஸில் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களுக்கான பெரிய நினைவுச் சிற்பம் செய்தவரும் இவர்தான். நடுவில் இருக்கிற பெண் தலை பிரெஞ்சுக் குடியரசின் உருவம், மரியான்.

எனக்கு இதில் பிடிபட்ட விஷயம் ஒன்றுண்டு. கொடுக்கப்படுவது அந்த நாலு வரிதான். வெண்கலம் அதன் அடையாளம், அவ்வளவே. சிலுவை எல்லாருக்கும் ஒரே சிலுவை, அது ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது. ரிப்பன் கொஞ்சம் சொல்லும், ரிப்பனில் குத்தியிருக்கிற பொட்டு இன்னும் கொஞ்சம் சொல்லும், முழுக்கச் சொல்வது காகிதம் மட்டும்தான்.

ரிப்பனைச் சொல்கிறேன். 1914–18 போருக்கானது பச்சை, ஓரத்தில் சிவப்பு, நடுவில் ஐந்து சிவப்புக் கோடு. அந்த நிறம்கூடப் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. நெப்போலியனின் படைகளில் இருந்து உயிரோடு மிஞ்சிய கிழவர்களுக்கு 1857-ல் செயின்ட் ஹெலினா மெடல் என்று ஒன்று கொடுத்தார்கள், அதன் ரிப்பனிலிருந்து எடுத்தது. அடுத்த உலகப் போர் வந்ததும் 1939 செப்டம்பரில் புதிய போர்ச் சிலுவை, நிறத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: சிவப்பில் நான்கு பச்சைக் கோடு. இந்த இரண்டுக்கும் நடுவில், 1921-ல், பிரான்சுக்கு வெளியே நடக்கிற போர்களுக்கென்று தனியாக ஒன்று வந்தது. அதற்கு வெளிர்நீல ரிப்பன், இரு ஓரத்திலும் அகலமான சிவப்பு. பின்பக்கம் ஆண்டு இருக்காது, வெளிநாட்டுப் போர்முனைகள் என்ற வாசகம் இருக்கும். 1946-லிருந்து 1954 வரை நடந்த இந்தோசீனப் போருக்கு இதைத்தான் கொடுத்தார்கள்.

அந்தப் பெரியவரை அடுத்த வாரம் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். அவர் அல்ஜீரிய விடுதலைப் போரின்போது அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் நெஞ்சில் இருந்த சிலுவையின் ரிப்பன் சிவப்பும் வெள்ளையும், பெயரிலேயே போர் என்ற சொல் கிடையாது, இராணுவ வீரச் சிலுவை என்றுதான் பெயர். 1956-ல் உண்டாக்கியது. அல்ஜீரியாவில் நடப்பது போர் இல்லை, ஒழுங்கை நிலைநாட்டும் வேலை என்று பிரெஞ்சு அரசு சொல்லிக்கொண்டிருந்தது, போர் இல்லாத இடத்தில் போர்ச் சிலுவை கொடுக்க முடியாதே, அதற்காகவே புதிதாக ஒன்றைச் செய்தார்கள். அது போர்தான் என்று சட்டத்தில் எழுதியது 1999-ல். "நாங்க பொணம் தூக்கினப்போ அது சண்டை இல்லன்னாங்க, கெழவன் ஆனப்புறம் சண்டைன்னாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை என்னால் எழுத முடியவில்லை.

பச்சை ரிப்பன் எங்கிருந்து வந்தது?

அத்தையிடம் கேட்டேன். அப்பாவுக்கு அக்கா, இப்போது முத்தியால்பேட்டையில் இருக்கிறார். கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், தாத்தா இறந்த மறு வருஷம் மெதாயைச் சட்டம் போடலாம் என்று எடுத்தபோது ரிப்பன் இற்றுப்போய் நூல் நூலாக வந்ததாம். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீடு, உப்புக்காற்றில் இரும்பு ஜன்னலே நிற்காது, துணி எங்கே நிற்கும்? நிறமும் வெளுத்துப் போய் என்ன நிறம் என்றே தெரியவில்லை. தெருவில் இன்னொரு வீட்டில் அவர்கள் கொள்ளுத்தாத்தாவின் சிலுவை ஒன்று இருந்தது, பார்க்க இதே மாதிரி. அத்தை அங்கே போய் ரிப்பனைப் பார்த்து, கோடுகளை எண்ணி மனதில் வைத்துக்கொண்டு வந்து, தன் பச்சைப் பட்டு ரவிக்கைத் துண்டை நறுக்கி, சிவப்பு நூலில் கையாலேயே தைத்திருக்கிறார். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுவில் சரியாக ஐந்து கோடு. ஓரத்தில் இரண்டு. ஒவ்வொரு தையலும் அரிசி நொய் அளவு. அந்தத் தெருவீட்டுக் கொள்ளுத்தாத்தா போனது முதல் உலகப் போருக்கு. ஆக, தாத்தா பிறப்பதற்கு முன்னால் முடிந்துபோன போரின் நிறத்தை அத்தை அவருக்குத் தைத்துக் கொடுத்துவிட்டார், அத்தனை அன்போடு.

"தப்பா பண்ணிட்டேனா பாப்பா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பழைய ரிப்பனில் ஏதாவது குத்தியிருந்ததா என்று கேட்டேன். பொட்டு மாதிரி ஒன்று இருந்ததாகவும் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், கொடுத்ததாகவும் சொன்னார். ஆயாவின் வெற்றிலைப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, ஆயா போனபிறகு யாரும் திறப்பதில்லை. பாக்குவெட்டிக்குக் கீழே காய்ந்த சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது அது, ஐந்து முனை உள்ள குட்டி வெண்கல நட்சத்திரம். இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ரெஜிமென்ட் அல்லது பிரிகேட் அளவில் பெயர் குறிப்பிட்டால் வெண்கல நட்சத்திரம், டிவிஷன் அளவில் வெள்ளி, அதற்கு மேலே பல டிவிஷன் சேர்ந்த கோர் என்றால் தங்கமுலாம், மொத்தப் படையின் உத்தரவிலேயே பெயர் வந்தால் வெண்கலப் பனையோலை. ஒருவருக்கு எத்தனை தடவை குறிப்பு வந்தாலும் சிலுவை ஒன்றுதான், ரிப்பனில் நட்சத்திரமும் ஓலையும் கூடிக்கொண்டே போகும். தாத்தாவுடையது ஒரே ஒரு வெண்கல நட்சத்திரம், அடுக்கில் கீழ்ப்படி. எனக்கு அது கொஞ்சமும் குறைவாகத் தோன்றவில்லை. அவர் செய்ததைக் கூடவே இருந்து பார்த்த ரெஜிமென்ட் எழுதியது அது.

சரி, காகிதம்? தாத்தாவின் தகரப்பெட்டியில் பென்ஷன் காகிதம் அத்தனையும் இருந்தது. குடியுரிமைக் காகிதமும் இருந்தது, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததற்கானது. ஆயாவுக்கு அந்தப் பென்ஷன் கடைசி வரை வந்தது, அதனால் அந்தக் காகிதங்களை பாலிதீனில் சுற்றிச் சுற்றி வைத்திருந்தார்கள். போர்ச் சிலுவைக்குக் காசு கிடையாது. மெதாய் மிலித்தேர் என்ற இன்னொரு இராணுவப் பதக்கம் வாங்கியவர்களுக்காவது பேருக்கு வருஷம் சில யூரோ உண்டு, இதற்கு அதுவும் இல்லை. காசு வராத காகிதம் பெட்டிக்கு அடியில் சும்மா கிடந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல், எங்கள் கூரை ஓடு பாதி போனது, பெட்டிக்குள் தண்ணீர். பாலிதீனில் இருந்தது பிழைத்தது, மற்றதெல்லாம் கூழ். அதைக் கொல்லையில் கொட்டியது நான்தான். என் கையால்.

யார் வீட்டிலாவது இப்படி ஒரு சிலுவை இருந்தால் இந்த விவரம் உதவும் என்பதால் எழுதுகிறேன். காகிதம் தொலைந்தால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் சேவைப் பதிவுகளுக்கென்று பிரான்சின் தெற்கே போ என்ற ஊரில் ஒரு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிறந்த தேதி, பிறந்த ஊர், படை எண் இதெல்லாம் கொடுத்து வாரிசுகள் எழுதிக் கேட்கலாம். படை எண் பென்ஷன் புத்தகத்திலேயே இருக்கும், மத்ரிக்யூல் என்று போட்டிருக்கும். பாரிஸ் பக்கம் சார்செலில் இருக்கிற என் சித்தப்பா மகன் எங்களுக்காகக் கேட்டு எழுதினான். பதில் வர மாதக்கணக்கில் ஆனது, ஆனால் வந்தது. மெதாயைக் கொண்டுபோய் பழைய சாமான் கடையில் போட்டுவிடுகிறார்கள், அந்த வெண்கலத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது? அதோடு போவது ஒரு ஆளின் நாலு வரி.

காத்திருந்த மாதங்களில் வேறொரு எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாத்தா போரிட்டது யாரோடு? தன் நாடு தனக்கு வேண்டும் என்று நின்ற வியட்நாமியரோடு. அவருக்குச் சம்பளம் கொடுத்த அதே பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரிலும் உட்கார்ந்திருந்தான். 1954 மே 7-ஆம் தேதி வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளம் தியன் பியன் பூ விழுந்தது, ஜூலையில் ஜெனீவாவில் போர்நிறுத்தக் கையெழுத்து, அக்டோபர் 18-ஆம் தேதி இங்கே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்தார்கள், நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியது. எல்லாம் ஒரே வருஷத்தில். அந்த வருஷம்தான் தாத்தா சைகோனிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறார். தெருவில் பாதி வீடு இணைப்புப் போராட்டத்தில் இருந்த வீடு. "அப்ப அதை நெஞ்சுல குத்திக்கிட்டு எந்தத் தெருவுல நடக்குறது?" என்றார் அத்தை. இந்தோசீனப் போரைப் பற்றி தாத்தா வாயே திறக்காததற்கும், ஜெர்மன் சண்டை என்று ஊர் சொன்னபோது மறுக்காமல் விட்டதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜெர்மன்காரனோடு போட்ட சண்டை என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். பிழைப்புக்காகப் பட்டாளத்துக்குப் போன இருபத்தோரு வயதுப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் போர் நியாயமானது என்றும் என்னால் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறேன். சைகோனைப் பற்றி அவர் சொன்ன ஒரே விஷயம் அங்கே ஒரு மாரியம்மன் கோவில் உண்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்றால் நாலு பேர் தமிழ் பேசுவது காதில் விழும் என்பதுதான்.

பதில் வந்தது. சேவைப் பதிவு இரண்டு பக்கம், அதில் சித்தாசியோன் நாலு வரி. அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து எழுதி முத்தியால்பேட்டைக்கு எடுத்துப் போனேன். அப்பாவும் வந்தார். சித்தப்பா மகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த வெளிர்நீலமும் சிவப்புமான புது ரிப்பனையும் கொண்டுபோயிருந்தோம், அதில் நட்சத்திரத்தைக் குத்தியிருந்தேன். அத்தை தைத்த பச்சை ரிப்பனையும் அதே சட்டத்துக்குள் சிலுவைக்குக் கீழே மடித்து வைக்கலாம் என்று அப்பா சொன்னார், எனக்கும் அதுதான் மனதில் இருந்தது.

வாசித்தேன். 1951 மார்ச்சில் ஓர் இரவு, மெகோங் டெல்டாவில் ஆற்றங்கரைக் காவல் நிலை ஒன்று தாக்கப்பட்டது. இடது தோளில் குண்டடி பட்டும் தன் இயந்திரத் துப்பாக்கியை விட்டு நகரவில்லை. முள்வேலிக்கு வெளியே அடிபட்டுக் கிடந்த பிரெஞ்சுப் பக்கத்து வியட்நாமியத் துணைப்படை வீரன் ஒருவனை, எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஊர்ந்துபோய் மீட்டுக் கொண்டுவந்தார். எதிரிக்குக் கடும் சேதம்.

தாத்தாவின் இடது தோளில் ஒரு தழும்பு இருந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆயா நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்ப்பார். தென்னை மரத்திலிருந்து விழுந்தது என்று எங்களிடம் சொல்வார்.

அப்பா கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை அந்த வரியைக் கேட்டாரா என்றே எனக்குச் சந்தேகம், அவர் அதற்கு முந்தின வரியிலேயே நின்றுவிட்டிருந்தார்.

"அந்தப் பையன் பொழைச்சானா?"

காகிதத்தை மறுபடி முழுக்கப் பார்த்தேன். மீட்டுக் கொண்டுவந்தார் என்பதோடு அது நிற்கிறது.

"பேராச்சும் போட்டிருக்கா பாரு."

போடவில்லை. அத்தை என் கையிலிருந்து சட்டத்தை வாங்கி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு மடியில் வைத்துக்கொண்டு, "தோள்ல குண்டு பட்டும் தூக்கிட்டு வந்திருக்காரே" என்றார்.